எழுபத்து மூன்றாவது எண்

ஸ்டாக்ஹோம்
3 அக்டோபர் 1954

அன்புள்ள ஹால்வர்,

இங்கே நான் சுகம். இடது முழங்கால் மட்டும் மழையை ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. அலுவலகத்தில் இதை வெளியே விடுவதில்லை. தொழில் போட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். உன் இருமல் எப்படி இருக்கிறது? எய்லர்ட் இன்னும் பாடுகிறானா?

எங்கள் கணிப்பொறி ஒருவழியாக வேலை செய்கிறது. ஒரு கூடம் முழுக்கக் கண்ணாடிக் குழாய்கள். நாளைய வானிலையை இன்றே கணக்குப் போட்டுச் சொல்லும் என்பது ஏற்பாடு. போன மாதம் வரை அது கணக்கை முடிப்பதற்குள் நாளை வந்துவிடும். ஜன்னலைத் திறந்து விடை சரியா என்று பார்த்துக்கொள்வோம். இப்போது நாளை வருவதற்குச் சில மணி நேரம் முன்பே முடித்துவிடுகிறது. டாக்டர் ஸ்டென்வால் இதை மனித குலத்தின் வெற்றி என்கிறார். அவர் அதைச் சொன்ன அன்று மனித குலத்தில் பாதிப் பேர் குடையில்லாமல் வந்து நனைந்திருந்தோம்.

என் வேலை எளிது. உன்னைப் போன்றவர்கள் பலூன் விட்டு அனுப்பும் எண்களையெல்லாம் ஒரு வரைபடத்தில் குறிப்பார்கள். கடலும் கரையும் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். காற்றில் பாதி நமக்குக் கீழே போய்விட எத்தனை மீட்டர் மேலே ஏற வேண்டும் என்று ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் படித்து, காகித நாடாவில் துளையிட்டு இயந்திரத்துக்குக் கொடுப்பேன். மறுநாள் காலை அது தரும் விடையையும் நானே துளையிட்டு வானொலி நிலையத்துக்கு அனுப்புவேன். ஒன்பது மணிக்கு ஒரு பெண் அதைக் கப்பல்களுக்காக வாசிக்கிறாள். அன்று மாலை நான்கு மணிக்கு எந்த மூலையில் எவ்வளவு உயரம் இருக்கும் என்பது அந்தப் பட்டியல். எழுபத்து மூன்றாவது மூலை சரியாக உன் தெர்னோய் தீவின் தலைமேல் இருக்கிறது. கேட்டுப் பார். அது என் கையால் போட்ட எண்.

நார்வேயை விட்டு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனால் இவர்களுடைய மரியாதை இன்னும் எனக்குப் பழகவில்லை. எதிரில் நிற்பவரை 'நீ' என்றும் சொல்லக்கூடாது, 'நீங்கள்' என்றும் சொல்லக்கூடாது. பட்டத்தைச் சொல்லி, வேறு யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேச வேண்டும். "திருமதி நூர்லிங் காப்பி எடுத்துக்கிட்டாங்களா?" என்று டாக்டர் என்னிடமே கேட்பார். "எடுத்துக்கிட்டாங்க. டாக்டருக்கு ஊத்தட்டுமா?" என்பேன். உன் அத்தான் கார்ல் இறந்த பிறகு என்னை 'நீ' என்று சொல்ல உன் கடிதம் ஒன்றுதான் இருக்கிறது.

கார்லின் அறை காலியாக இருக்கிறது. முற்றத்தைப் பார்த்த ஜன்னல். சும்மா சொல்லி வைக்கிறேன்.

இன்னொரு செய்தி. எந்தெந்த நிலையங்கள் இயந்திரத்துக்குத் தேவை, எவற்றை மூடலாம் என்று உங்கள் தலைமை அலுவலகம் டாக்டரிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. வசந்த காலத்தில் பட்டியல் போகும். இப்போதே கவலைப்படாதே. கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொள்.

அக்கா தோர்டிஸ்

*

தெர்னோய்
29 அக்டோபர் 1954

அன்புள்ள அக்கா,

இருமல் போய்விட்டது. அந்த இடத்துக்கு முதுகுவலி வந்திருக்கிறது. இவ்வளவு தூரம் வந்த விருந்தாளியை உடனே அனுப்ப மனமில்லை. மற்றபடி சுகம். உன் முழங்கால் விஷயம் என்னோடு இருக்கும்.

உன் எண்ணைக் கேட்டேன். வாசிக்கும் பெண்ணுக்குச் சளி பிடித்திருக்கிறது. எழுபத்து மூன்று வந்ததும் ரேடியோவின் ஒலியைக் கூட்டினேன்: ஐயாயிரத்து முன்னூற்று இருபது. மாலையில் எங்கள் பலூன் ஐயாயிரத்து முன்னூற்று எழுபது என்றது. ஐம்பது மீட்டர் வித்தியாசம். அம்மா நம் வயதைச் சொல்வதில் இதைவிடப் பெரிய பிழை செய்வாள்.

எய்லர்ட் பாடுகிறான். மூன்று பாட்டுத் தெரியும்; அதில் இரண்டுக்கு ஒரே மெட்டு. உன் எண் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து காட் மீன் அரிந்துகொண்டிருந்தான். "அதான் உங்கக்கா காலைலயே சொல்லிட்டாங்கல்ல, அப்புறம் நாம எதுக்குடா வெளிய போய் நனையணும்?" என்றான். பிறகு எழுந்து, திட்டிக்கொண்டே போய்ப் பலூனைப் பிடித்தான். இங்கே காற்றில் பலூனைப் பிடிக்க ஒருவன், உள்ளே, அதில் கட்டிவிட்ட சிறு ரேடியோவின் சத்தத்தைக் கேட்டு எண் எழுத ஒருவன். அதனால்தான் சட்டப்படி இந்த நிலையத்தில் இரண்டு பேர். ஒருவன் மட்டும் இருந்தால் மூடிவிடுவார்கள்.

பட்டியலில் தெர்னோய் இருக்கும்படி பார்த்துக்கொள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். போருக்குப் பிறகு ட்ரோம்சோவில் ஒரு வருடம் இருந்து பார்த்தேன். தெருவில் "எப்படி இருக்கே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றுகொண்டே இருப்பார்கள். இங்கே எதுவும் அப்படி நிற்பதில்லை. இந்த இடம் போனால் எனக்கு வேறு இடம் கிடையாது.

கார்லின் அறை நல்ல அறைதான். சளிக்கார அம்மாவிடம் விசாரித்ததாகச் சொல்.

ஹால்வர்

*

ஸ்டாக்ஹோம்
21 நவம்பர் 1954

அன்புள்ள ஹால்வர்,

உன் முதுகுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன். நெடி பொறுக்காமல் விருந்தாளி தானே கிளம்பிவிடும். நான் சுகம்.

போன செவ்வாய்க்கிழமை புயலில் உன் செய்தி வரவில்லை. வராத இடத்தை வெற்றாக விட்டால் இயந்திரம் கணக்கை நிறுத்திவிடும். அதற்கு டாக்டர் ஒரு விதி வைத்திருக்கிறார்: எண் வராத இடத்தில், காலையில் வானொலிக்குக் கொடுத்த எண்ணையே போட்டு நிரப்ப வேண்டும். அதாவது, இயந்திரம் உன்னைப் பற்றி முன்பு நினைத்ததையே, நீ சொன்னதாக அதற்குத் திரும்பச் சொல்ல வேண்டும். அது சமாதானமாகிவிடுகிறது.

இன்னொரு விதியும் உண்டு. வந்த எண் காலைப் பட்டியலிலிருந்து அறுபது மீட்டருக்கு மேல் விலகினால், பார்த்தவரின் பிழை என்று தள்ளிவிட வேண்டும். இதைச் சரிபார்ப்பவள் என் பக்கத்து மேசை ஸ்வேயா. "தப்பு மெஷினோடதா இருந்தா?" என்று கேட்டேன். "மெஷின் பக்கத்து ரூம்ல இருக்கு, திருமதி நூர்லிங். தீவுல இருக்கறவங்க தூரத்துல இருக்காங்க. அதனால தப்பு அவங்களோடது" என்றாள். இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு அறிவியலை விளக்கியதில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பழுப்புப் பாலாடைக்கட்டியும் இரண்டு ஜோடிக் காலுறையும் அனுப்புகிறேன். பெரியது எய்லர்டுக்கு. அவனை நான்காவது பாட்டு ஒன்று கற்றுக்கொள்ளச் சொல்.

அக்கா

*

தெர்னோய்
2 ஜனவரி 1955

அன்புள்ள அக்கா,

புது வருட வாழ்த்துகள். சுகமாக இருக்கிறேன். தைலம் வேலை செய்கிறது. கடற்பறவைகள்கூட வீட்டுப் பக்கம் வருவதில்லை.

படகு ஆறு வாரம் வரவில்லை. இன்று வந்தும் கரையை நெருங்க முடியவில்லை. படகோட்டி இங்வால்ட் அஞ்சலைத் தகரப் பெட்டியில் வைத்துக் கயிற்றில் விட்டான். "எல்லாம் நல்லாருக்கா?" என்று கத்தினான். "நல்லாருக்கு" என்று கத்தினேன். அவன் அந்தப் பதிலுக்குக்கூட நிற்காமல் படகைத் திருப்பினான். அவனை எனக்குப் பிடிக்கும். திரும்பும் வழியில் இந்தக் கடிதத்தை அதே பெட்டியில் வாங்கிக்கொள்வான்.

இரண்டு ஜோடிக் காலுறையும் நன்றாக இருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று போட்டாலும் பொருந்துகின்றன. எய்லர்ட் இப்போதெல்லாம் பாடுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

உன் எண்ணைத் தினமும் கேட்கிறேன். ஒரு நாளும் தவறவிடுவதில்லை. அஞ்சல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை. அது தினமும் வருகிறது. அந்தப் பெண்ணுக்குச் சளி விட்டுவிட்டது. குரல் கொஞ்சம் அந்நியமாகப் படுகிறது.

பட்டியல் பற்றி ஏதாவது தெரிந்தால் எழுது. பனியில் கவனமாக நட.

ஹால்வர்

*

ஸ்டாக்ஹோம்
30 ஜனவரி 1955

அன்புள்ள ஹால்வர்,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்கவே தேவையில்லைபோல இருக்கிறது. உன் தீவு அலுவலகத்தில் பெரிய ஆளாகிவிட்டது.

வடகடல் முழுவதும் இயந்திரம் முப்பது, நாற்பது மீட்டர் தவறுகிறது. கப்பல்கள் ஒன்றுகூட அதன் பேச்சைக் கேட்பதில்லை. இந்த மாதம் தெர்னோய் மட்டும் தினமும் ஒத்துப்போகிறது. சில நாள் பத்து மீட்டர் வித்தியாசம், பல நாள் அதுவும் இல்லை. டாக்டர் நேற்று வரைபடத்தின் முன் நின்று, வகுப்பில் முதலாக வந்த பிள்ளையைக் காட்டுவதுபோல உன் தீவைக் காட்டினார்.

"திருமதி நூர்லிங் இதைப் பாத்தாங்களா? சொன்னா சொன்னபடி கேக்குற ஒரே இடம்."

"அங்க இருக்கறது என் தம்பி, டாக்டர். சின்ன வயசுல சொன்னதை ஒரு நாள்கூடக் கேட்டதில்ல."

"திருமதி நூர்லிங்கோட சமன்பாடு சரியா இருந்திருக்காது" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு நல்ல நிலையத்தை யார் மூடுவார்கள்?

எய்லர்ட் ஏன் பாடுவதில்லை? உன் கடிதத்தில் அவன் பேசிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை. சண்டையா? இரண்டு பேர் மட்டும் உள்ள தீவில் சண்டை போட்டால் சமாதானம் செய்துவைக்க மூன்றாவது ஆள் படகில் வர வேண்டும். விவரமாக எழுது.

அக்கா

*

தெர்னோய்
27 பிப்ரவரி 1955

அன்புள்ள அக்கா,

சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன்.

இங்வால்ட் அவசரப்படுத்துகிறான், அதனால் இரண்டு வரிதான். சண்டை எதுவும் இல்லை. எய்லர்டைப் பற்றி எனக்குப் புகாரே கிடையாது. டாக்டர் பெருமைப்பட்டதைப் படித்தேன். இன்னொரு முறையும் படித்தேன். வானம் இந்தக் குளிர்காலத்தில் அமைதியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்.

நாடாவில் துளையிட்டு உனக்கு விரல் வலிக்கும். வெந்நீரில் வைத்துக்கொள்.

ஹால்வர்

*

ஸ்டாக்ஹோம்
20 மார்ச் 1955

அன்புள்ள ஹால்வர்,

உடம்பு நன்றாக இருக்கிறது. விரல்களும்.

பிப்ரவரி மாதம் முழுவதையும் டாக்டர் இரண்டு முறை கணக்கிடச் சொன்னார். ஒரு முறை தெர்னோயின் எண்களோடு. ஒரு முறை தெர்னோய் என்று ஓர் இடமே இல்லாததுபோல, காலைப் பட்டியலின் எண்ணை வைத்து நிரப்பி. இரண்டு விடையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு மீட்டர்கூட மாறவில்லை. ஆகவே தெர்னோய் சொல்லப்போவது இயந்திரத்துக்கு முன்பே தெரியும், ஆகவே தெர்னோய் தேவையில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். மிகச் சரியாக இருந்ததற்காக ஒரு நிலையத்தை மூடுவது இதுவே முதல் முறையாக இருக்கும். உங்கள் அலுவலகமும் ஒப்புக்கொண்டது. ஜூன் பதினொன்றாம் தேதி படகு வரும்.

வருத்தமாக இருக்கிறது.

டாக்டர் இப்போது கோபன்ஹேகனில் இருக்கிறார். பிப்ரவரி ஒன்பதாம் தேதியைப் பற்றி அங்கே கட்டுரை வாசிக்கிறார். அன்று சுற்றியுள்ள நிலையங்கள் எல்லாம் தாழ்வாக இருக்க, உன் தலைமேல் மட்டும் வானம் நூறு மீட்டர் மேடாக இருந்ததாம். அது இயந்திரத்தின் பட்டியலில் காலையிலேயே இருந்தது. மாலையில் நீயும் அதையே பார்த்தாய். வேறு எந்த மனிதனும் அதை ஊகித்திருக்க முடியாது என்பது கட்டுரையின் சாரம். அதற்கு 'ஸ்டென்வால் மேடு' என்று பெயர்.

கார்லின் அறைக்குப் போன மாதமே வெள்ளையடித்துவிட்டேன். கட்டில் போட்டாயிற்று. யாரும் உன்னிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டார்கள். இந்த ஊரில் அது முடியாது. திரைச்சீலை நீலமா, பச்சையா?

அக்கா

*

தெர்னோய்
17 ஏப்ரல் 1955

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை உட்கார்ந்து படி.

எய்லர்ட் இங்கே இல்லை. நவம்பர் பதினெட்டாம் தேதி, பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருகிறேன் என்று படகேறினான். பல் போயிருக்கும்; அவன் வரவில்லை. ஏறும்போது சொன்னான்: "ஹால்வர், உன்கூட நாலு வருஷம் இருந்தாச்சு. நீ பேசினதை எல்லாம் சேத்தா ஒரு தபால் அட்டை நிறையாதுடா. இன்னும் ஒரு குளிர்காலம் இருந்தேன்னா நான் அந்த ஹைட்ரஜன் சிலிண்டர்கிட்ட பேச ஆரம்பிச்சுடுவேன்." எனக்கு அவன் மேல் கோபமில்லை. அவன் திரும்பி வந்துவிட்டதாக அலுவலகத்துக்கு எழுதினேன். ஒற்றை ஆள் என்று தெரிந்தால் மூடிவிடுவார்களே.

தனியாகவே பலூன் விட்டேன். டிசம்பர் இருபத்தேழாம் தேதி காற்று பலூனோடு என்னையும் கொட்டகைப் படியிலிருந்து இழுத்துப் போட்டது. கணுக்கால் பெயர்ந்துவிட்டது. மறுநாள் நிற்க முடியவில்லை. ஒன்பது மணிக்கு ரேடியோ சொன்னது: எழுபத்து மூன்று, ஐயாயிரத்து இருநூற்றுப் பத்து. நான்கு மணிக்கு நான் அனுப்பினேன்: ஐயாயிரத்து இருநூற்றுப் பத்து. உன் எண்தானே என்று நினைத்தேன். வெப்பம், ஈரம் எல்லாம் நினைவிலிருந்து எழுதிச் சேர்த்தேன். ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். அவ்வப்போது கூச்சத்துக்காகப் பத்து மீட்டர் கூட்டிக் குறைத்தேன். பிப்ரவரியில் அந்தக் கூச்சமும் போய்விட்டது.

பிப்ரவரியில் கால் ஆறிவிட்டது. ஆனால் அதுவரை யாரும் எதையும் கேட்கவில்லை. பாராட்டுத்தான் வந்தது. நான் வெளியே போனாலும் போகாவிட்டாலும் ஒன்றுதான் என்று தெரிந்த பிறகு, அந்தக் கதவைத் திறப்பது கடினமாக இருந்தது. பிப்ரவரி ஒன்பதாம் தேதி நான் அடுப்பைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. டாக்டரின் மேடு எனக்குத் தெரியாது.

அவர் செய்த சோதனை செல்லாது, அக்கா. அவர் உன் எண்ணை உன் எண்ணோடு ஒப்பிட்டிருக்கிறார். தயவுசெய்து அவரிடம் சொல். எனக்குத் தண்டனை கிடைக்கட்டும். ஆனால் நிலையத்தை உண்மையான எண்ணோடு ஒரு முறை சோதிக்கட்டும். உன் கடிதம் வந்த ஆறாம் தேதியிலிருந்து தினமும் பலூன் விடுகிறேன். ஒன்று பாறையில் உடைந்தது. மற்றதெல்லாம் மேலே போயிற்று. இப்போது எழுபது, எண்பது மீட்டர் விலகுகிறது. பார்த்திருப்பாய்.

திரைச்சீலை பற்றி இப்போது எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள்.

ஹால்வர்

*

ஸ்டாக்ஹோம்
8 மே 1955

அன்புள்ள ஹால்வர்,

கணுக்காலை உயரமாக வைத்துப் படு. எனக்கு ஒன்றுமில்லை.

உன் எண்களைப் பார்த்தேன். ஏப்ரல் ஆறாம் தேதியிலிருந்து வந்ததில் பாதிக்கு மேல் ஸ்வேயா தள்ளிவிட்டாள். அறுபது மீட்டர் விதி. நீ அடுப்பருகே உட்கார்ந்து அனுப்பியவை எல்லாம் வானிலையாகிவிட்டன. பாறையில் நின்று அனுப்பியவை குப்பைக்கூடையில் இருக்கின்றன.

டாக்டரிடம் சொன்னேன். காப்பி நேரத்தில், கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன்.

"திருமதி நூர்லிங் களைச்சுப் போயிருக்காங்க" என்றார்.

"களைப்பு இல்ல, டாக்டர். பிப்ரவரி ஒன்பதாம் தேதி மேடு வானத்துல இல்ல. என் விரல்ல இருந்தது."

ரொம்ப நேரம் காப்பியைக் கலக்கினார். சர்க்கரை போடுகிறவர் அல்ல.

"அந்த மேட்டுக்குப் பேர் வெச்சாச்சு. கோபன்ஹேகன்ல நாப்பது பேர் அதுக்குக் கை தட்டியாச்சு. தட்டின கையைத் திரும்ப வாங்க முடியுமான்னு திருமதி நூர்லிங்கே சொல்லட்டும்."

பன் நன்றாக இருக்கிறது என்றார். எடுத்துக்கொண்டேன்.

என் விரல் என்று அவரிடம் சொன்னது என்ன என்று நீ கேட்பாய். அன்று காலை இயந்திரம் எழுபத்து மூன்றுக்குச் சொன்னது ஐயாயிரத்து இருநூற்று நாற்பது. வானொலிக்கான நாடாவில் நான் ஒரு துளை தள்ளிப் போட்டு, ஐயாயிரத்து முன்னூற்று நாற்பது ஆக்கிவிட்டேன். மதியம்தான் கவனித்தேன். மாலையில் உன் எண் வந்தது: ஐயாயிரத்து முன்னூற்று நாற்பது. நான் செய்த எழுத்துப் பிழையை வானம் திரும்பச் செய்யாது, ஹால்வர். அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

பிப்ரவரி ஒன்பது. அதற்குப் பிறகுதான் டாக்டர் சோதனைக்கு உத்தரவிட்டார். அந்த இரண்டு கணக்குக்கும் நாடா துளையிட்டவள் நான். விடை என்னவாக இருக்கும் என்று எனக்கு மட்டும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று சில நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் பிப்ரவரி ஒன்பது வந்த அந்த வாரமே வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டேன்.

தீவு போனால் உனக்கு வேறு இடமில்லை என்று எழுதியிருந்தாய். அதை நான் என் வீட்டு முகவரியாகப் படித்துக்கொண்டேன்.

இவ்வளவுதான். சாப்பாட்டை விட்டுவிடாதே.

தோர்டிஸ்

*

தெர்னோய்
30 மே 1955

அன்புள்ள அக்கா,

சுகம்.

சாமான்களைக் கணக்கெடுத்துவிட்டேன். சிலிண்டர் பதினான்கு, ரேடியோ இரண்டு, பலூன் நூற்றுப் பத்து, எய்லர்டின் ரப்பர் காலணி ஒரு ஜோடி. ஜூன் பதினொன்று வரை தினமும் பலூன் விடுவேன். யார் தள்ளினாலும் சரி.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பிப்ரவரி ஒன்பதிலிருந்து மார்ச் இருபது வரை முப்பத்தொன்பது நாள். அதே நாட்களில் நானும் உனக்குப் பொய் எழுதிக்கொண்டிருந்தேன். குறை சொல்ல எனக்கு வாயில்லை. சொல்ல வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இன்னும் கிடைக்கவில்லை.

தலைமை அலுவலகத்துக்கு டாக்டர் என்னைப் பற்றி ஒரு சான்றிதழ் அனுப்பியிருக்கிறார். வடகடலிலேயே நம்பகமான கண் என்னுடையதாம். அதன் பலனாக, பனிக்கடலில் இன்னும் வடக்கே ஒரு நிலையம் தந்திருக்கிறார்கள். வேறு யாரும் போக மறுத்த இடம். கப்பல் வருடத்துக்கு ஒரு முறை, ஜூலையில். அங்கே ஏற்கனவே ஒருவர் இருக்கிறார். அவர் என்னைவிடக் குறைவாகப் பேசுவாராம். சான்றிதழின் கீழ் மூலையில் டைப் அடித்தவர் என்று உன் பெயர்ச் சுருக்கத்தைப் பார்த்தேன். எதற்கு அந்தச் சான்றிதழ் என்று உனக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

முற்றத்தைப் பார்த்த ஜன்னலுக்குப் பச்சைத் திரை நன்றாக இருக்கும்.

ஹால்வர்

*

ஸ்டாக்ஹோம்
14 நவம்பர் 1955

அன்புள்ள ஹால்வர்,

இந்தக் கடிதம் அடுத்த ஜூலையில் உன்னை வந்து சேரும். இதற்கு முன் எழுதிய ஐந்தும் இதே உறையில் இருக்கின்றன. தேதி வரிசையில் படிக்கத் தேவையில்லை. எல்லாவற்றிலும் செய்தி ஒன்றுதான்.

ஜூன் மாதம் இரண்டு முறை ரயில் நிலையத்துக்குப் போனேன். வரமாட்டேன் என்று எழுதியிருந்தாய். இருந்தாலும் ரயில் வந்ததே, பார்த்துவிட்டு வந்தேன். அறையை இப்போது ஸ்வேயாவின் தங்கைக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். என்னிடம் மிகவும் மரியாதையாக இருக்கிறாள். வாரத்துக்கு நான்கு வாக்கியம்.

புது வரைபடத்தில் நீ மேல் விளிம்பில் இருக்கிறாய், பன்னிரண்டாவது மூலை. அதற்கு மேலே கட்டமே கிடையாது. செப்டம்பரிலிருந்து தினமும் மாலை உன் எண்ணை நான்தான் துளையிடுகிறேன். நீ ஒரு நாளும் இயந்திரத்தோடு ஒத்துப்போகவில்லை. நாற்பது மீட்டர் மேலே, ஐம்பது கீழே, முப்பது மேலே. கடிதத்தில் எழுதாததை எல்லாம் இதில் எழுதுகிறாய் என்று நினைக்க எனக்கு அனுமதி இல்லை. இது காற்று என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீ கதவைத் திறந்து வெளியே வந்திருக்கிறாய் என்பது அதில் தெரிகிறது.

பதினொன்றாம் தேதி எண் வரவில்லை. ஆறு மணி வரை பார்த்தோம். "விதிப்படி நிரப்பிடலாம், திருமதி நூர்லிங்" என்றாள் ஸ்வேயா. காலைப் பட்டியலிலிருந்து எடுத்து நிரப்பினேன். இயந்திரம் இமைகூடக் கொட்டாமல் வாங்கிக்கொண்டது. அது நிரம்பிய வேகம்தான் எனக்குத் தாங்கவில்லை. நீ இருந்த நாளுக்கும் இல்லாத நாளுக்கும் நாடாவில் ஒரு வித்தியாசமும் இல்லை. பன்னிரண்டாம் தேதியும் வரவில்லை. அதையும் நிரப்பினேன். வீட்டுக்குப் போய், கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன்.

நேற்று மாலை வந்தது. இயந்திரம் சொன்னதிலிருந்து தொண்ணூறு மீட்டர் கீழே. ஸ்வேயா சிவப்புப் பென்சிலை எடுத்தாள்.

"பிழைன்னு போட்டுடவா?"

"வேண்டாம்."

"தொண்ணூறு மீட்டர், திருமதி நூர்லிங். டாக்டர் கேப்பாங்க."

"கேட்டா, அவன் வெளிய போய்ப் பாத்துட்டு வந்து சொல்றான்னு சொல்லு."

அவளிடம் 'நீ' போட்டு 'சொல்லு' என்று சொல்லிவிட்டேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். நான் உன் எண்ணைத் துளையிட்டேன்.

தொண்ணூறு மீட்டர் கீழே, ஆனால் நலம் என்று எடுத்துக்கொண்டேன். இங்கே நானும் அப்படியே.

அக்கா